ஊசி திரும்பியதைக் கண்ட மூன்றாவது ஆள்

மோட்டாருக்குக் கம்பி சுற்றுவதில் முல்லைத்தீவில் என்னை மிஞ்ச ஆளில்லை. படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் பட்டம் பெற்றவர்களும் எரிந்த மோட்டாரோடு என் கடை வாசலில்தான் வந்து நிற்கிறார்கள். மகள் முள்ளியவளையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் காந்த ஊசி திரும்பும் என்பதை ஐரோப்பாவில் ஒரு பேராசிரியர் கண்டுபிடித்தார் என்று ஒருநாள் சொன்னாள். அவருக்கு முன்னரே இத்தாலியில் ஒரு சட்டத்தரணி அதுபோல ஒன்றைக் கண்டு பத்திரிகையில் எழுதினாராம், ஒருவரும் கவனிக்கவில்லையாம்.

"அப்ப நான் மூன்றாவது ஆள்" என்றேன். அவள் சிரித்தாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வள்ளம் மாமாவுடையது. அப்பா அதில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர். எங்கள் கரையில் மற்றவர்கள் வானத்து வெள்ளிகளைப் பார்த்து வழி பிடிக்க, மாமா மட்டும் கொழும்பிலிருந்து ஒரு திசைகாட்டி வாங்கிவந்தார். இருட்டில் அதைப் பார்க்க ஒரு கார் பற்றரியும் சின்ன பல்பும் பூட்டினார். புது வயரை வெட்ட மனமில்லாமல், மிச்சத்தைத் திசைகாட்டிப் பெட்டியின் மேலும் கீழுமாகப் பொதி கட்டுவதுபோலச் சுற்றிவிட்டார்.

அதை வீட்டுக் கதிரையில் வைத்திருந்தபோது நான் சுவிச்சைப் போட்டேன். ஊசி துள்ளித் திரும்பியது. நிற்பாட்டினேன், பழைய இடத்துக்கு வந்தது. பத்துத் தரம் செய்து பார்த்தேன்.

"மாமா, லைற்றைப் போட்டா ஊசி மாறி நிக்குது!"

"நித்திரையில முகத்துக்கு லைற் அடிச்சா நீயும் திரும்பித்தானே படுப்பாய்? வையடா அங்கால!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அப்பாவின் சாரத்தைப் பிடித்து இழுத்தேன். "அந்த வயரைக் கழட்டிப்போட்டுப் போங்கோ அப்பா." அவர் மாமாவைப் பார்த்தார். பிறகு அவருக்குப் பின்னால் கடலுக்குப் போனார்.

விடிந்ததும் எல்லா வள்ளங்களும் வந்தன, மாமாவுடையதைத் தவிர. அம்மா செபமாலையோடு மணலில் இருந்தா. மத்தியானம் மாமாவும் அப்பாவும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். முகில் மூடியதால் மற்றவர்கள் விடியும்வரை கடலில் காத்து நிற்க, இவர்கள் ஊசியை நம்பி ஓடி, தெற்கே தொலைவில் கொக்கிளாயில் கரை தட்டியிருக்கிறார்கள்.

"சாமானுக்குக் கண்ணூறு பட்டிட்டுது" என்றார் மாமா. பங்குச் சுவாமியிடம் கொண்டுபோய்த் தீர்த்தம் தெளிப்பித்தார்.

அடுத்த முறை தொழிலுக்கு இறங்குமுன் அப்பா வள்ளத்தில் தனியாக இருப்பதைக் கண்டேன். பெட்டியில் சுற்றியிருந்த வயரை அவிழ்த்து, பெட்டிக்குத் தள்ளியிருந்த பலகையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "போ, அம்மா தேடுவா" என்றார்.

அன்றும் முகில்தான். வள்ளம் நேரே எங்கள் கோயிலடிக்கு வந்து சேர்ந்தது. கரையெல்லாம் தீர்த்தத்தின் கதை. இனி அப்பா என் பெயரைச் சொல்வார் என்று காத்து நின்றேன். அவரோ மாமாவோடு சேர்ந்து சிலுவை அடையாளம் போட்டார். மூன்று நாள் நான் அவரோடு கதைக்கவில்லை.

வள்ளம் மாமாவுடையது என்பது அப்போது எனக்குத் தெரியும். அதில் தொழிலுக்குப் போகிற ஒருவர் எதை வாயால் சொல்லலாம், எதைக் கையால் மட்டும் செய்யலாம் என்பது தெரியாது. அந்த முகிலுக்குள் அவர் என் சொல்லை நம்பித்தான் போனார் என்பதும் தெரியாது.