நுனி அகன்ற எழுத்துகள்

சிங்கப்பூருக்குக் கடல்பாலம் திறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜொகூர் பாருவில் ஒரு சின்ன அச்சுக்கூடத்தில் நான் அச்சுக் கோத்துக்கொண்டிருந்தேன். எங்களிடம் இருந்த தமிழ் ஈய எழுத்துகள் கல்யாணப் பத்திரிகைக்குப் போதும். சுவரில் ஒட்டினால் கிட்டே போய்த்தான் படிக்க வேண்டும். பெரிய எழுத்துகளை மரத்தில் செதுக்கிக்கொள்ள முதலாளியிடம் அனுமதி கேட்டு வாங்கினேன்.

பக்கத்துத் தெருவில் கடைப் பலகை செதுக்கும் சீனர் ஒருவர் இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் பேச்செல்லாம் சந்தை மலாயில்தான். நான் எழுத்தை இடவலம் மாற்றி வரைந்து கொடுப்பேன், அவர் செதுக்குவார். முதலில் முனைகளைக் கூராக முடித்திருந்தேன். அந்தக் காலத்து 'லை' தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்; அச்சின் அழுத்தத்தில் அது ஒடிந்தே போயிற்று. 'ண'வின் சுழிகளை மை அடைத்துக்கொண்டது. முனை மெலிந்தால் மரம் தாங்காது என்றார் சீனர். இருவரும் உட்கார்ந்து மறுபடி வரைந்தோம். கோடு தடித்தே இருந்தது. நடுவில் லேசாக ஒடுங்கி நுனியில் அகன்றது. சுழிகளை நன்றாகத் திறந்துவிட்டேன். அச்சிட்ட தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுத் தெருவைக் கடந்து நின்று பார்த்தேன். அங்கிருந்தே படிக்க முடிந்தது.

அந்த வாரம் பாலோ என்ற ஊரிலிருந்து, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் பெண் ஒருத்தி வந்தாள். வேலை தேடி ரயிலேறிய அவள் தம்பியைப் பற்றித் தகவலே இல்லை.

"அவனுக்குப் படிக்கத் தெரியாதுங்க. அவனைப் பாத்தவங்க கண்ணுல படணும். தூரத்துலேயே தெரியிற மாதிரி போட்டுக் குடுங்க" என்றாள்.

'காணவில்லை' என்பதையும் அவன் பெயரையும் புது எழுத்தில் கோத்தேன்; கீழே எங்கள் அச்சுக்கூடத்தின் முகவரியைச் சின்ன எழுத்தில் சேர்த்தேன். பெயருக்கு இல்லாத எழுத்துகளைச் சீனர் கையிலிருந்த வேலையை ஒதுக்கிவிட்டுச் செதுக்கித் தந்தார். ரயிலடியிலும் கடைத்தூண்களிலும் அவளும் நானுமாக ஒட்டினோம்.

மறுநாள் காலை சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவர் மூச்சிரைக்க வந்து நின்றார். கடற்கரை ஊரிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் அவர். ரயிலடியில் காய்ச்சலோடு சுருண்டு கிடந்தவனைத் தூக்கிப்போய்க் கடையின் பின்னறையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவன் தன் பெயரை மட்டும் முனகினானாம். அடுப்பண்டை நின்றபடியே எதிர்த்தூணில் அந்தப் பெயரைப் படித்திருக்கிறார்.

"பயப்பட வேணாம்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க. இப்ப கஞ்சி குடிக்கிறான்" என்றார்.

அவள் கோயிலில் தங்கியிருந்தாள். நான் போய்ச் சொன்னதும் எந்தக் கடை என்று கேட்டாள். பிறகு எனக்கு முன்னால் ஓடினாள்.

அதற்கப்புறம் அந்த எழுத்துகளுக்கு ஓய்வே இல்லை. திருவிழா நோட்டீஸ், காய்ச்சல் மருந்து விளம்பரம், அதே சாப்பாட்டுக் கடையின் விலைத்தாள் என்று எதற்கும் அவையே வந்தன. என் குடும்பம் நிமிர்ந்தது அவற்றால்தான். ஆனால் நன்றி என்று நினைக்கும்போது எனக்கு முதலில் தோன்றுவது வேறொன்று. உடம்பு தேறிய தம்பி ஒருநாள் வாழைத்தாரோடு வந்தான். அவனைச் சீனரிடம் அழைத்துப் போனேன். தாம் செதுக்கிய பெயர் எப்படி ஒலிக்கும் என்று அவர் கேட்டார். அவன் வெட்கத்தோடு சொன்னான். அவர் மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார், நாக்கு இடறியது. தம்பி சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் சொல்லிக் கொடுத்தான்.