ஒரு சிட்டிகை சாம்பிள்

இங்கே ரயிலில் பேசாமல் வருவதற்கென்றே தனிப்பெட்டி உண்டு. போன வாரம் அதில் உட்கார்ந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தேன். எதிரே இருந்த அம்மாள், கண்ணாடியில் எழுதியிருந்த ‘ஸ்டில்லே’ என்ற சொல்லை விரலால் தட்டிக் காட்டினார். அமைதி என்று அர்த்தமாம். முறுக்கை அமைதியாகக் கடிக்கத் திருப்பூரில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வாயில் ஊறவைத்து விழுங்கினேன்.

கோப்பன்ஹேகன் ஆய்வகத்தில் நான் பார்க்கும் வேலையும் அடக்குகிற வேலைதான். ஐசோகுவாசின் என்று ஒரு வெள்ளைப் பொடி. வெற்றிலையோடு மெல்லும் பாக்கில் உள்ள குவாசினுக்குப் பங்காளி முறை. மூளை நரம்புகளில் ‘போதும், அடங்கு’ என்ற கட்டளையை வாங்கிக்கொள்ளும் பூட்டுகள் உண்டு; அவற்றுக்கு இது ஒரு சாவி. எலி மூளையின் சீவல்மேல் இதன் கரைசலை விட்டால், நரம்புத் துடிப்பைக் காட்டித் திரையில் துள்ளிக்கொண்டிருந்த கோடு படுத்துவிடும்.

காலிங் கார்டு தீரும்வரை இதை அண்ணனுக்கு விளக்கியதுதான் நான் செய்த புத்திசாலித்தனம். அவர் திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் பனியன் கம்பெனி வைத்து, ஐரோப்பாக்காரர்களுக்கு இரவு உடை தைக்கிறார். அவர்கள் தூங்குவதற்கான உடையை நேரத்துக்கு அனுப்ப வேண்டுமே என்று இவர் தூங்குவதில்லை. கட்டிங் மேசையருகே மயங்கி விழுந்துவிட்டார் என்று அண்ணி போனில் அழுதார்.

“அம்மிணி, தூக்கம் வரதுக்கு அதுல ஒரு சிட்டிகை சாம்பிள் அனுப்பு. சரியா இருந்தா அப்புறம் ஆர்டர் போட்டுக்கலாம்” என்றார் அண்ணன்.

துணி, பட்டன், சாயம், எதுவானாலும் திருப்பூர்க்காரருக்கு முதலில் சாம்பிள் வேண்டும். கல்யாணத்துக்கு மட்டும்தான் அந்த வசதி இல்லை. இது மனிதர் சாப்பிடுவதற்கல்ல என்றேன். சாப்பிட்டாலும் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு சோதனைச்சாவடி இருக்கிறது, அதைத் தாண்ட இதற்கு விசா கிடைக்காது என்றேன். போன வருடம் விசா மறுக்கப்பட்டவர் அண்ணன். போனை வைத்துவிட்டார்.

ஆய்வகத்தில் பக்கத்து மேசையில் இருக்கும் டேனிஷ்காரி மெட்டேயிடம் புலம்பினேன். இரவு உடை தாமதமானால் என்ன, பழையதைப் போட்டுக்கொண்டு தூங்குவோமே என்றாள். ஆர்டர் கொடுப்பவள் இவளாக இருந்திருக்கக் கூடாதா!

மறுபடி போன் செய்து, டாக்டரைப் பாருங்கள் என்று கெஞ்சினேன். ஷிப்மென்ட் போகட்டும், பார்க்கலாம் என்றார்.

நேற்று அண்ணனிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே பூப்போட்ட இரவு உடை. கழுத்து லேபிளில் இங்கே என் தெருமுனைத் துணிக்கடையின் பெயர். உடனே அண்ணனைக் கூப்பிட்டேன்.

“நீ சாம்பிள் தராட்டிப் போகுது. நா அனுப்புவனில்ல? போட்டுட்டு நல்லாத் தூங்கு கண்ணு.”

போனில் அவருக்குப் பின்னால் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அளவெடுத்துத் தைத்ததுபோல உடை பொருந்துகிறது. அதைப் போட்டுக்கொண்டு, அண்ணன் இன்றைக்காவது தூங்கியிருப்பாரா என்று விழித்துக்கொண்டு கிடக்கிறேன்.