திட்டு வாங்கிய பிளக்

இணையக் கேபிளின் நுனியில் மாட்டும் பிளக்குகளைப் பன்னிரண்டு வருஷமாக வடிவமைப்பவள் அவள். அவளுடைய புது வீட்டுக்கு இணைப்புக் கொடுக்க வந்த கேபிள்காரர், அறை மாறிப் போன கேபிளைச் சுவர்க் குழாய் வழியாகத் திரும்ப இழுத்தார். பிளக்கைக் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ளும் சின்ன நாக்கு முறிந்து வந்தது.

"இதை வரைஞ்ச புண்ணியவான் ஒரு நாளாவது கேபிள் இழுத்திருப்பானா?" என்று பொரிந்து தள்ளினார்.

அவள் கணவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அண்ணே, அந்தப் புண்ணியவதி இங்கதான் நிக்கிறா!"

கேபிள்காரர் அசடு வழிந்தார். "மன்னிச்சுக்கங்கம்மா."

"அதெல்லாம் வேணாம்ணே. எங்க மாட்டுதுன்னு காட்டுங்க" என்று அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளே நான்கு முறை இழுத்துப் பார்த்தாள். நான்கு முறையும் குழாயின் வளைவில் நாக்கு சிக்கியது.

அடுத்த மாடலில், நாக்கின் மேல் வழுக்கிப் போகிற மாதிரி ஒரு ரப்பர் மூடி வைத்தாள். தயாரான முதல் பை பிளக்குகள் கேபிள்காரருக்குத்தான் போயின. ஒரு வாரத்தில் போன் வந்தது.

"ஒரு பள்ளிக்கூடம் முழுக்க இழுத்தாச்சும்மா. ஒண்ணுகூட ஒடியலை!"

"நீங்க அன்னிக்குத் திட்டலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுண்ணே. ரொம்ப நன்றி."

"நன்றி இருக்கட்டும்மா. பிளக்குக்குள்ள போற கம்பிங்க நிறம் சரியாத் தெரிய மாட்டேங்குது, அதையும் பாருங்க."

அவள் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டாள்.