சீட்டோட பின்பக்கம்

வாலிபால் ரப்பர் வாசனை, ஈர சாக்ஸ் வாசனை, ஜன்னலத் திறந்தா உப்புக் காத்து... இதுதான் என்னோட முதல் கவுன்சிலிங் ரூம்.

மாமல்லபுரம் பக்கம் ஈசிஆர்ல ஒரு ஸ்கூல். ஸ்போர்ட்ஸ் ரூமுக்கு நடுவுல ஒரு பீரோவ நிறுத்தி, இந்தப் பக்கம் எனக்கு ஒரு டேபிள், ரெண்டு சேர். செங்கல்பட்டுல இருந்து தினமும் பஸ். திருக்கழுக்குன்றம் தாண்டுறதுக்குள்ள இறங்கித் திரும்பிடலாமான்னு ஆயிடும். வேலைக்குச் சேர்ந்து மூணே வாரம். பசங்களோட பதட்டத்தப் போக்க வந்த ஆளுக்கே அவ்வளவு பதட்டம்... சிரிக்காதீங்க.

ஸ்டாஃப் ரூம்ல அதுக்கும் வைத்தியம் வச்சிருந்தாங்க. "திருவிடந்தை பெருமாள் கோயிலுக்கு ஒரு மாலை வாங்கிட்டுப் போயிட்டு வாங்க மிஸ், கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்!"

வராண்டாவுல ஒரு பழைய ஷூ பாக்ஸ்ல ஓட்டை போட்டு வச்சேன். மனசுல இருக்கறத எழுதிப் போடுங்கன்னு மேல ஒரு பேப்பர் ஒட்டினேன். ரெண்டு வாரம் வெறும் சாக்லேட் கவரும், கணக்கு சாரோட கார்ட்டூனும்தான் விழுந்துச்சு.

மூணாவது வாரம் நிஜமாவே ஒரு சீட்டு.

"மிஸ், எக்ஸாம் ஹாலுக்குள்ள போனா மூச்சு முட்டுது. செத்துடுவேன் போல இருக்கு. தேவி, 9-பி."

(பேர மாத்திட்டேன்.)

வெக்கத்த விட்டுச் சொல்றேன், எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. என்னையும் நம்பி ஒருத்தி எழுதிட்டாளே! எக்ஸாமுக்கு வேற பத்து நாள்தான் இருந்துச்சு. நேரா ஆபீஸுக்கு ஓடி, அங்க கிளார்க்கா இருந்த சரோஜா அக்காகிட்ட பேரையும் கிளாஸையும் சொன்னேன். அந்த ஸ்கூல்ல யாரக் கூப்பிடணும்னாலும் மைக்தான்.

கர்ர்ர்...

"ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு தேவி, உடனே கவுன்சிலிங் ரூமுக்கு வரவும்."

ரெண்டு தடவ. கிரவுண்டுல இருக்கறவங்களுக்கும் கேக்கற மாதிரி.

தேவி வரல. பத்து நிமிஷம், இருபது நிமிஷம்... சும்மா உக்காந்திருக்க முடியாம அந்தச் சீட்ட எடுத்துத் திருப்பினேன். பின்பக்கம் பென்சில்ல, சின்ன எழுத்துல ஒரு வரி.

"யாருக்கும் தெரியக் கூடாது மிஸ்."



மறுநாள் தேவி ஸ்கூலுக்கே வரல. அதுக்கு மறுநாளும் வரல. வீட்டு நம்பர் ஸ்விட்ச் ஆஃப். "பசங்க லீவு போடறது சகஜம்மா, இதுக்கெல்லாம் பயந்தா எப்படி"ன்னாங்க ஹெச்.எம். எனக்கு அந்த 'செத்துடுவேன் போல இருக்கு' மட்டும்தான் மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு. பஸ்ல யூனிஃபார்ம் போட்ட பொண்ணு யார் ஏறினாலும் முகத்த எட்டிப் பாத்தேன்.

மூணாவது நாள் மதியமே பர்மிஷன் சொல்லிட்டு, அட்ரஸ் வாங்கிட்டுக் கிளம்பிட்டேன். திருக்கழுக்குன்றம் ரோட்ல இறங்கி, வயல் ஓரமா ஒரு கிலோமீட்டர் நடை. வாசல்ல உக்காந்து தேவி வேர்க்கடலை உரிச்சிட்டிருந்தா. அவள முழுசாப் பாத்துட்டேன், அது போதும். என்னப் பாத்ததும் எழுந்து உள்ள போயிட்டா.

அவங்க அம்மா வெளிய வந்தாங்க.

"இன்னா டீச்சர், எம் பொண்ணுக்கு மூளையில எதுனா கோளாறா? பக்கத்து வூட்டுப் புள்ள வந்து சொல்லுது, மைக்ல பேர் சொல்லிக் கூப்ட்டாங்களாமே. ஊரே கேட்டுகினு கீது. இனிமே ஸ்கூலே வாணாம்னு சொல்லிகினு கீறாரு அவ அப்பா."

அவ எழுதினத சொன்னா அம்மாவுக்குப் புரிஞ்சிடும். வாய் வரைக்கும் வந்துச்சு... முழுங்கிட்டேன்.

"அவளுக்கு ஒண்ணும் இல்லம்மா. மைக்ல கூப்பிட்டது என் தப்பு."

"அப்போ இன்னாத்துக்குக் கூப்ட்டீங்க?"

"அத அவகிட்ட மட்டும்தாம்மா சொல்ல முடியும். தப்பு பண்ணது நான்தான், அவ இல்ல."

அம்மா முறைச்சாங்க. அப்புறம் உள்ள இருந்து குரல் மட்டும் வந்துச்சு.

"மைக்ல இன்னும் பத்து பேரக் கூப்புடுங்க மிஸ். ஃபர்ஸ்ட் ரேங்க் பொண்ணத்தான் மொதல்ல கூப்புடணும். அப்போ வரேன்."

அம்மா பெருமூச்சு விட்டாங்க. "அவ அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க மொதல்ல அந்த மைக்க சரி பண்ணுங்க."

மறுநாள் மைக்ல பத்து பேர். ஃபர்ஸ்ட் ரேங்க், கேம்ஸ் கேப்டன், பிரேயர்ல பாடற பொண்ணு... முதல்ல வந்த ஃபர்ஸ்ட் ரேங்க் பொண்ணு கெத்தா சேர்ல உக்காந்தா. "எதுக்கு மிஸ் என்னக் கூப்பிட்டீங்க?"

"சும்மாதான். எப்படி இருக்க?"

அவ்வளவுதான் கேட்டேன். பெல் அடிக்கற வரைக்கும் அழுதா.

திங்கக்கிழமை வாசல்ல தேவி. "இப்போ வரலாமா மிஸ்?"

எக்ஸாம் அன்னிக்கு ஹாலுக்கு வெளிய நானும் நின்னேன். நாங்க பழகின மாதிரியே மூச்ச எண்ணிட்டு உள்ள போனா. கடைசி பெல் வரைக்கும் எழுதினா. எனக்குத்தான் மூச்சு முட்டுச்சு.

இப்போ படூர் பக்கம் வேற ஸ்கூல். ஏசி ரூம், சோஃபா, வெளிய 'வெல்னஸ் சென்டர்'னு போர்டு. மைக்ல யாரையும் கூப்பிடறதில்ல, வரிசையா எல்லாப் பசங்களும் ஒரு தடவ வந்து உக்காந்துட்டுப் போவாங்க. தேவி சொல்லிக் குடுத்ததுதான். ஆனாலும் பிரேயர்ல மைக் கர்ருனு கத்தினா, கூப்பிடறது யார் பேரன்னு இன்னும் காதத் தீட்டிக் கேப்பேன்.

கைக்கு எந்தப் பேப்பர் வந்தாலும் திருப்பிப் பாத்துடுவேன், பஸ் டிக்கெட்டக்கூட. கூட வேலை பாக்கறவங்க கிண்டல் பண்ணுவாங்க, பண்ணட்டும்.

ஆனா இப்போ ஷூ பாக்ஸ் இல்ல, சீட்டும் இல்ல. எல்லாம் ஃபோன்ல மெசேஜ்தான். இன்னிக்கு சாயங்காலம் ஒரு பொண்ணுகிட்ட இருந்து வந்துச்சு. "ஐ ஆம் ஃபைன் மிஸ்."

கூப்பிட்டுப் பேசினேன். "ஒண்ணும் இல்ல மிஸ், சும்மாதான்"னு சொல்லிட்டு வச்சிட்டா. நாளைக்கு பிரேயருக்கு முன்னாடியே போய் அவளப் பாக்கணும்.

அதுவரைக்கும் அந்த ஒரு வரியவே பாத்துட்டு உக்காந்திருக்கேன்... திருப்பிப் பாக்க இதுக்குப் பின்பக்கமே இல்லையே.