ரெண்டு புள்ளி போதும்

பத்தாவதில் அறிவியலில் ஃபெயிலானவன் நான். யாராவது போட்டுக்கொடுப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அதே ஆள் சென்னைக்குப் போய் பரீட்சை எழுதி, புள்ளியும் கோடுமாக மோர்ஸ் தட்டிக் காட்டி, சொந்த செட்டில் உலகத்தோடு தொடர்புகொள்ளும் ஹாம் ரேடியோவுக்கு லைசென்ஸ் வாங்கி வந்தேன் என்றால் எங்கள் ஊரில் பாதிப் பேர் இன்னும் நம்பவில்லை. மீதிப் பேர், லைசென்ஸ் இருக்கிறதே, டிராக்டர் ஓட்ட வா என்று கூப்பிட்டார்கள்.

மரக்காணம் உப்பளத்தில் மோட்டார் போடுவது என் வேலை. உப்புத்தண்ணீரை ஏற்றிப் பாத்திகளுக்கு விடவேண்டும். மோட்டார் ஷெட்டுக்குப் பின்னால் இரண்டு மூங்கில் நட்டு, நடுவில் செம்புக் கம்பி இழுத்து, ஒரு முனையைப் பாத்தித் தண்ணீருக்குள் விட்டிருக்கிறேன். மாதம் ஒருமுறை அது பச்சை பிடித்து அறுந்து போகும், மாற்றிக் கட்டுவேன். உப்புத்தண்ணீரைப் போல ரேடியோவுக்கு நல்ல எர்த் கிடையாது. பங்களா மாடியில் பெரிய ஆன்டெனா வைத்திருப்பவர்களுக்குக் கேட்காத ஆளெல்லாம் எனக்குக் கேட்பார்கள். நான் தட்டினால் இந்தோனேசியாக்காரன் பதில் தட்டுவான், ரஷ்யாக்காரன் தட்டுவான். பள்ளிக்கூடத்தில் நான் கைதூக்கினால் வாத்தியார்கள் ஜன்னல் பக்கம் பார்ப்பார்கள். இங்கே நான் கூப்பிட்டால் ஒரு தேசம் திரும்பிப் பார்த்தது. அது போதாதா?

என் செட் நானே சால்டர் வைத்தது. மோர்ஸ் மட்டும்தான் போகும், பேச முடியாது. எனக்கு நேரமும் குறைவு. ஆறரைக்கு மேஸ்திரி வந்ததும் மோட்டாரைப் போட்டுவிட வேண்டும். மோட்டார் ஓடினால் ரேடியோவில் கரகரப்பைத் தவிர ஒன்றும் கேட்காது.

ஆறரைக்கு முந்தின அந்த நேரத்தில்தான் டைலர் ரேடியோவில் வருவார். கரூர்ப் பக்கம் ஒரு தையல்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கடை திறப்பதற்கு முன் அரைமணி நேரம் அவரும் மோர்ஸ் தட்டுவார், அவரிடமும் பேசுகிற செட் இல்லை. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் ஒவ்வொரு எழுத்தாக அனுப்பிக்கொள்வோம். அவருக்கு நான் உப்பு, எனக்கு அவர் டைலர். நாலு வருஷம் இப்படியே ஓடியது. காஜா எடுக்காமல் விட்ட சட்டையைப் போல இருக்கிறது உங்கள் எழுத்து என்பேன். உன் வாக்கியத்தில் உப்பு தூக்கல் என்பார். ஒருமுறை போன் நம்பர் கேட்டார். ரேடியோக்காரன் போனில் பேசினால் கட்சி மாறின மாதிரி, கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அவருக்கும் அது விளையாட்டாகப் பிடித்துப்போனது. பேச்சு முடிந்ததும் மோர்ஸ்காரர்களின் வழக்கப்படி ஒருவர் இரண்டு புள்ளி தட்டுவார், மற்றவர் இரண்டு புள்ளி திருப்பித் தட்டுவார். டிட் டிட். கதவைச் சாத்தும் சத்தம் மாதிரி.

உப்பு வாருகிற அக்கா ஒருவர் அந்த நேரத்தில் ஷெட்டில் உட்கார்ந்து, உப்பு அரிக்காமலிருக்கக் கால்களில் துணி சுற்றிக்கொள்வார். எழுத்து தெரியாது, மோர்ஸும் தெரியாது. ஆனால் ஸ்பீக்கரில் யார் தட்டுகிறார்கள் என்று என்னைவிட முந்திச் சொல்லிவிடுவார். டைலருடைய தட்டல் மிஷின் ஓடுகிற மாதிரி ஒரே சீராக வரும். போன ஆகஸ்டில் ஒரு காலை, துணி சுற்றிக்கொண்டே சொன்னார்:

"டேய், உன் டைலரு இன்னிக்கு நொண்டினு வர்றாருடா."

எனக்கும் கேட்டது. நாலு புள்ளி வரவேண்டிய இடத்தில் ஆறு வந்தது, கோடு பாதியில் உடைந்தது. நான் சிரித்தேன். ராத்திரி பார்ட்டியா டைலரே, ஊசியில் நூல் கோக்க முடியுதா என்று தட்டினேன். அவர் பதிலுக்குச் சிரிப்பு அனுப்பினார். சிரிப்பு என்றால் ஹெச்சும் ஐயும் மாற்றி மாற்றி, வெறும் புள்ளிகள். அதிலும் எண்ணிக்கை தப்பியது. மறுநாளும் கிண்டல் செய்தேன், அதற்கு மறுநாளும். மூன்று வாரம் இதே வேலை. அக்கா ஒருநாள், போதும் விடுடா, மனுஷனுக்கு என்னவோ ஆயிருக்குது என்றார். உனக்கென்ன அக்கா தெரியும் என்றேன்.

செப்டம்பர் கடைசியில் அவர் சொன்னார். மோர்ஸில் ஒரு வாக்கியம் வர நேரமாகும், அதுவும் அந்தக் கையால். நான் பழைய அட்டையில் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தேன். கை என்று வந்ததும், கைராசிக்காரர் ஏதோ பெருமையடிக்கப் போகிறார் என்று நினைத்து, பதிலுக்கு ஒரு கேலியைத் தயார் செய்துகொண்டிருந்தேன். பிறகு மீதி வந்து சேர்ந்தது.

"உப்பு, கை நான் சொன்னாக் கேக்க மாட்டீங்குது. நரம்புன்னு சொல்றாங்க. ஒரு மாசமா மிஷின்ல உக்காரல."

அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்கா என்னடா என்றார். படித்துக் காட்டினேன். அவர் கால் துணியின் முடிச்சை இறுக்கிக்கொண்டார். நான் சொன்னேன்ல என்றுகூடச் சொல்லவில்லை. அதற்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

அப்போதுதான் சத்தியத்தை உடைத்து, நம்பர் கொடுங்கள் டைலரே, பேசணும் என்று தட்டினேன். கொடுத்தார். மோர்ஸில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஐந்து தட்டு. நாலு என்றால் நாலு புள்ளி ஒரு கோடு. ஐந்து என்றால் ஐந்து புள்ளி. ஆறு என்றால் ஒரு கோடு நாலு புள்ளி. பத்து எண்ணுக்கு ஐம்பது தட்டு, அந்தக் கையில். முதல் தடவை பதினொரு எண் வந்தது. இரண்டாம் தடவை ஒன்பது. மூன்றாம் தடவை பத்து வந்தது, ஆனால் முதல் இரண்டோடும் ஒத்துப்போகவில்லை. மேஸ்திரி வெளியே சைக்கிள் ஸ்டாண்டைப் போடும் சத்தம் கேட்டது. டைலர் அதோடு நிறுத்திக்கொண்டு இரண்டு புள்ளி தட்டினார். அது மட்டும் சுத்தமாக வந்தது. நானும் இரண்டு புள்ளி தட்டிவிட்டு மோட்டாரைப் போட்டேன்.

தண்ணீர் பாத்தியில் பாய்ந்துகொண்டிருக்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. அவருடைய கைதான் நடுங்கியது. என் கை நன்றாகத்தானே இருந்தது? என் நம்பரை நான் தட்டியிருக்கலாமே. ஐம்பது தட்டு, எனக்கு அரை நிமிஷ வேலை. ஊரையே முட்டாளாக்குகிறவனுக்கு அது தோன்றவில்லை.

மறுநாள் அவர் வரவில்லை. அதன்பிறகு வரவேயில்லை. அட்டையில் இருந்த எண்களை மாற்றி மாற்றிப் போட்டுக் கூப்பிட்டேன். சேலத்தில் ஒரு உரக்கடை எடுத்தது. விழுப்புரத்து அம்மா ஒருவர், இன்னொரு தடவை கூப்பிட்டால் போலீஸுக்குப் போவேன் என்றார். பாண்டியில் ஒரு ஹாம் நண்பர் லைசென்ஸ் பட்டியலிலிருந்து டைலருடைய விலாசத்தை எடுத்துக் கொடுத்தார். கடிதம் போட்டேன். வீடு மாறிவிட்டார் என்று எழுதித் திரும்பி வந்தது. தபால்காரர் அதை என் கையில் கொடுக்கும்போது, லவ் லெட்டரா தம்பி என்றார். வழக்கமாக நான் ஒன்றுக்கு மூன்றாகத் திருப்பிக் கொடுப்பேன்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பாத்தியெல்லாம் கரைந்து ஏரியாகி ஷெட்டுக்குள் முழங்கால் தண்ணீர். எங்கள் ஊர் அனுமந்தையில் வீட்டுத் தென்னையில் கம்பி கட்டிப் பார்த்தேன், தெருவிலுள்ள எல்ஈடி விளக்குகள் மொத்தமும் ரேடியோவுக்குள் இரைந்தன. ஜனவரியில் தண்ணீர் வடிந்ததும் முதல் வேலையாக மூங்கிலை நட்டேன். பாத்தித் தரையை மிதித்து இறுக்க ஆள் வருவதற்கு முன்பே நட்டேன் என்று மேஸ்திரி இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் டைலரைக் கூப்பிட்டு, என் போன் நம்பரை மூன்று தடவை காற்றில் விடுகிறேன். ஜகார்த்தாவில் யாரிடமெல்லாம் அது இருக்கிறதோ தெரியாது. ஒருமுறை போன் அடித்தது, ஓடிப்போய் எடுத்தேன். கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஹாம். தினமும் கூப்பிடுகிறாயே, யாரப்பா அது, நானும் தேடிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். தேடினார், கிடைக்கவில்லை. டைலர் செட்டை விற்றுவிட்டாரோ, இல்லை, செட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து நான் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டே, இவனிடம் இந்தக் கையைக் காட்டுவானேன் என்று விட்டுவிட்டாரோ. இரண்டாவதுதான் என்னைத் தின்கிறது. அதனால் கடைசியில் இதையும் சேர்த்துத் தட்டுகிறேன்: போன் வேணாம் டைலரே, எழுத்தும் வேணாம், ரெண்டு புள்ளி போதும்.

பிறகு கையை மோர்ஸ் தட்டும் கீயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்பேன். அக்காவும் துணி சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார். இன்று காலை சைக்கிள் ஸ்டாண்டு சத்தம் கேட்டதும் ஸ்விட்சுக்குப் போனேன். அக்கா எழுந்து வாசலை மறைத்த மாதிரி நின்றுகொண்டு, வெளியே இருந்த மேஸ்திரியிடம் எந்தப் பாத்தியில் இறங்குவது என்று நீட்டி முழக்கிக் கேட்க ஆரம்பித்தார். அவருக்கு அது தெரியாமலில்லை. என் பக்கம் திரும்பாமலே மெதுவாகச் சொன்னார்:

"இன்னும் ஒரு நிமிஷம் கேளுடா."

கேட்டேன். பிறகு மோட்டாரைப் போட்டேன்.