ரத்தினபாய் பார்த்துக்கொண்ட பக்கம்

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் ரத்தினபாய்க்கு இருபத்தாறு வருட சர்வீஸ். மாற்றுச் சான்றிதழில் ஒரு எழுத்து பிசகினால் அந்தப் பிள்ளை பாஸ்போர்ட் வாங்கும்வரை அந்தப் பிசகும் கூடவே போகும் என்று கண்டவர். எதையும் சரிபார்க்காமல் கையெழுத்துக்கு அனுப்பமாட்டார்.

அந்தப் பழக்கம் வீட்டிலும் அவரைச் சும்மா இருக்கவிடவில்லை. இணையத்தில் யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்கிற தமிழ்க் கலைக்களஞ்சியம் ஒன்றில் ‘லாட்ச் ஓஎஸ்’ என்றொரு கட்டுரை. ஐரோப்பாவில் சில தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கிய மொபைல் இயங்குதளம் அது. போனில் நாம் செய்வதையெல்லாம் கம்பெனிகளிடம் போய்ச் சொல்லாமல் இருப்பதுதான் அதன் பெருமை. சர்ச் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு ஒரே ஒரு தடவை பந்தல்காரரைத் தேடப்போய், மூன்று வாரம் போன் முழுக்கப் பந்தலும் நாற்காலியுமாக விளம்பரம் துரத்திய எரிச்சலில் ரத்தினபாய் அந்தக் கட்டுரையைப் படித்தார். பதிப்பு எண் ஒன்றரை வருடம் பழசாக இருந்தது. திருத்தினார். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டார். இரண்டு வருடத்தில் அவர் கை படாத வரி அந்தப் பக்கத்தில் இல்லை. எந்தெந்த போனில் லாட்ச் ஓடும் என்ற பட்டியலை மாதாமாதம் சரிபார்த்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவருடைய போனில் லாட்ச் ஓடாது. ஓடுகிற போனை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

“சாப்பிடாத பிரியாணிக்கு ரெசிபி எழுதுறியே!” என்று கணவர் சுந்தர்சிங் கிண்டல் செய்வார்.

“சாப்பிட்டவங்க எழுதினதைப் பார்த்துத்தான எழுதுறேன்” என்பார் இவர்.

ஒரு சனிக்கிழமை காலையில் பட்டியலில் புது வரி ஒன்று முளைத்திருந்தது. ‘மெரிடா 6 – சூப்பரா ஓடுது.’ எழுதியவர் பெயர் ‘ஜெயவேலு மொபைல்ஸ் கீழ்க்கட்டளை’. லாட்ச்காரர்களின் சொந்தப் பட்டியலில் மெரிடா 6 இல்லை. ஆதாரம் இல்லை என்று குறித்துவிட்டு ரத்தினபாய் அதை நீக்கினார். அரை மணியில் திரும்ப வந்தது. நீக்கினார். மறுபடி வந்தது. கூடவே, கட்டுரையைத் திருத்துகிறவர்கள் பேசிக்கொள்ளும் உரையாடல் பக்கத்தில் ஒரு கடிதம்:

“இன்னா மேடம் நீங்க? நான் ரிப்பேர் கடை வெச்சிகினு கீறேன். என் கையாலதான் போட்டேன், நல்லா ஓடிகினு கீது. நீங்க சும்மா சும்மா அழிச்சிகினே இருந்தா பேஜாரா கீது. நம்பிக்கை இல்லேன்னா கடைக்கு வந்து பாருங்க. பஸ் ஸ்டாப் எதிர்லதான்.”

ரத்தினபாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபப்படவேண்டிய இடம்தான். ஆனால் ஓடுகிற போனைப் பார்க்கலாமே என்ற ஆசை கோபத்தை முந்திக்கொண்டது.

“எங்க கிளம்பிட்ட?” என்றார் சுந்தர்சிங்.

“பிரியாணி சாப்பிட.”

மேடவாக்கத்தில் பஸ் மாறிக் கீழ்க்கட்டளையில் இறங்கினார். கடை சின்னது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஜெயவேலு, பூதக்கண்ணாடி விளக்குக்கடியில் ஒரு போனைப் பிரித்துப் போட்டிருந்தார்.

“லாட்ச் பக்கத்துல உங்க வரியை அழிச்சது நான்தான்” என்று அறிமுகம் செய்துகொண்டார் ரத்தினபாய்.

ஜெயவேலு ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். “அட, நெஜமாவே வந்துட்டீங்களா! உக்காருங்கக்கா.” சண்டைக்குத் தயாராக எழுதியவர், ஆள் நேரில் வந்ததும் டீ சொல்லிவிட்டார். பிறகு தன் மெரிடா 6-ஐ எடுத்து நீட்டினார்.

இரண்டு வருடம் எழுத்தில் மட்டுமே பார்த்ததை ரத்தினபாய் கையில் வாங்கினார். கறுப்புத் திரை, ஏழெட்டு ஐகான், வேறு ஒன்றுமில்லை. செட்டிங்ஸைத் திறந்தார், எந்த ஆப் எதைத் தொடலாம் என்று கட்டுரையில் அவர் விவரித்திருந்த அனுமதிப் பட்டியல் அப்படியே இருந்தது. மனசுக்குள் ஒரு குளிர்ச்சி.

“பாத்தீங்கல்ல? இப்ப போட்டுடுங்க.”

“போட முடியாது தம்பி. நான் பார்த்தேன், நீங்க பார்த்தீங்கன்றது அங்க செல்லாது. யார் வேணும்னாலும் சரிபார்க்கிற மாதிரி எங்கேயாவது வெளியாகியிருக்கணும்.”

ஜெயவேலு கடைக் கம்ப்யூட்டரைத் திருப்பி, கட்டுரையில் ஒரு வரியில் விரல் வைத்தார். “அப்ப இதுக்கு இன்னா ஆதாரம்?”

‘லாட்ச் பயன்படுத்துபவரை யாராலும் கண்காணிக்க முடியாது’ என்றிருந்தது அந்த வரி.

“போன வாரம் ஒருத்தரு வந்து இதக் காட்டி, லாட்ச் போட்டுக்குடு, நான் போற எடம் எவனுக்கும் தெரியக்கூடாதுன்றாரு. சிம்மு உள்ள கீதேக்கா, டவருக்குத் தெரியாதா? எவன் எழுதினான் இத?”

ரத்தினபாயின் முகம் சிவந்துபோனது. ஆரம்ப நாள் உற்சாகத்தில் எழுதிய வரி. ஆதாரம் எதுவும் கிடையாது. எழுதினவர் கண்ணுக்கு அது குறையாகவே படவில்லை.

“நான்தான் எழுதினேன்” என்றார்.

ஜெயவேலு சிரிக்கவில்லை. ஸ்டூலை கம்ப்யூட்டர் பக்கம் நகர்த்திப் போட்டார். ரத்தினபாய் அங்கேயே உட்கார்ந்து அந்த வரியை எடுத்தார். லாட்ச்காரர்கள் தங்கள் தளத்தில் சொல்லியிருந்ததையே ஆதாரமாகக் கொடுத்து, சிம் போட்டிருந்தால் தொலைபேசி நிறுவனத்துக்கு இருப்பிடம் தெரியும் என்று எழுதினார். ஜெயவேலு தோளுக்குப் பின்னால் நின்று படித்து, “இது கரெக்ட்டு” என்றார்.

மெரிடாவையும் விடவில்லை. இருவரும் சேர்ந்து லாட்ச்காரர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். சோதித்த விவரமெல்லாம் ஜெயவேலுவுடையது, இங்கிலீஷ் ரத்தினபாயுடையது.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. நாங்களும் சோதித்தோம், நன்றாக ஓடுகிறது, பட்டியலில் சேர்த்துவிட்டோம். கைரேகை வைத்துத் திறப்பது மட்டும் வேலை செய்யாது என்றிருந்தது.

ரத்தினபாய் பள்ளியிலிருந்தே ஜெயவேலுவுக்குப் போன் செய்து படித்துக் காட்டினார். “கைரேகை வேலை செய்யாதாமே, சொல்லவே இல்லையே நீங்க?”

“நான் எங்கக்கா கைரேக வெச்சேன்? ஸ்க்ரூவு திருகித் திருகி நம்ம ரேகையே தேஞ்சி பூட்ச்சி. நம்பர்தான் போடுவேன்.”

அன்று மாலை மெரிடா 6 பட்டியலில் ஏறியது, கைரேகைக் குறிப்போடும் ஆதாரத்தோடும். ‘சூப்பரா’ மட்டும் இல்லை. ஜெயவேலு அதற்காகக் கொஞ்ச நேரம் வாதாடிப் பார்த்தார்.

அடுத்த பதிப்பு வெளியான ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்து ரத்தினபாய் பக்கத்தைத் திறந்தார். எண் ஏற்கெனவே மாறியிருந்தது, ஆதாரத்தோடு. மாற்றியவர் ஜெயவேலு. இரண்டு வருடத்தில் முதல்முறையாக இன்னொருவர் முந்திக்கொண்டதில் ஒரு நிமிடம் சுருக்கென்றது. பிறகு நன்றிப் பொத்தானை அழுத்தினார். ‘பதிப்பு குறிப்பு’ என்ற இடத்தில் ஒற்று விட்டிருந்தது. அந்த ‘க்’கை மட்டும் போட்டுவிட்டுச் சமையலுக்கு எழுந்தார்.