சந்தனத்துக்குக் காவல் வைத்த சாமி

உசிலம்பட்டிக்கு மேற்கே, ஒச்சாயியின் மானாவாரிக் காட்டில், கிளுவை வேலியோரமாக ஏழெட்டுச் சந்தனமரங்கள் நின்றன. மலைமேல் வளர வேண்டிய சாதி. ஏதோ குருவி போட்ட எச்சத்தில் முளைத்து, அந்த வெக்கைக் காட்டில் வேலியின் வேரைப் பிடித்துக்கொண்டு தழைத்துவிட்டன. கேட்பவர்கள் யோகம் என்பார்கள். ஒச்சாயிக்கோ அது வினையாகத் தெரிந்தது. யார் நிலத்தில் முளைத்தாலும் சந்தனம் சர்க்கார் சொத்து. வெளியாள் வெட்டிக்கொண்டு போனாலும் முதலில் நிலத்துக்காரரைத்தான் பிடிப்பார்கள்.

பயந்துகொண்டு சும்மா இருக்கிற பிறவி இல்லை அவள். விருமாண்டிக்கு வாக்கப்பட்டு வந்த வருசமே, கல்லும் முள்ளுமாய்க் கிடந்த அந்த நிலத்தைக் கடப்பாரையால் திருத்தியவள். கிணறு வெட்டிப் போட்டிருந்த கற்களில் நெட்டையான ஒன்றைப் புருசனோடு சேர்ந்து இருட்டோடு உருட்டி வந்து மரத்தடியில் நட்டாள். மஞ்சள் பூசினாள். "கருப்பு கனவுல வந்து எடங் கேட்டுச்சு" என்று தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஒரு வார்த்தை விட்டாள். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. அரிவாள் வந்தது, கிடாவெட்டு வந்தது. அங்கே சூடம் அணைத்துப் பொய்ச் சத்தியம் செய்தவன் அடுத்த தையைப் பார்க்கமாட்டான் என்ற பேச்சும் வந்தது. அப்புறம் அந்த மரங்களில் ஒரு கொப்பை ஒடிக்க ஒருவனுக்கும் துணிச்சல் இல்லை.

ஊரை நம்பவைக்கக் கும்பிட்டவள், மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது நிசமாகவே கும்பிட்டாள். காய்ச்சல் இறங்கியது. அதன்பிறகு அவள் அந்தப் பக்கம் செருப்போடு போனதில்லை. விருமாண்டி அதைப் பார்த்துச் சிரிப்பான்.

எண்பத்து மூன்றில் மழை ஏய்த்துவிட்டது. மாடுகள் எலும்பும் தோலுமாய் நின்றன. அப்போதுதான் பெரிய மரம் காணாமல் போனது. வீட்டு வாசலில் திடீரென்று ஒரு வண்டி வைக்கோல் வந்து இறங்கியபோதே ஒச்சாயிக்குப் புரிந்துவிட்டது. வைக்கோலைப் பிரித்து மாடுகளுக்குப் போட்டாள்.

வனத்துறை வாட்சர் வந்து அடிக்கட்டையைக் காலால் தட்டினார். "மலையில நிக்க வேண்டியது இங்கன வந்து மொளச்சிருக்கு. அதையும் வித்துத் தின்னுட்டீகளாக்கும்" என்று விருமாண்டியை முறைத்தார்.

ஊர்ப் பெரியவர் பேயாண்டி குறுக்கே வந்தார். "கருப்புக்கு முன்னால சூடத்த அணைக்கட்டும். அணைச்சுட்டா, வெளியாள்தான் வெட்டுனான்னு ஊரே எழுதித் தாரோம்."

வாட்சருக்கும் தொல்லை விட்டால் போதும். சரி என்றார்.

தட்டில் சூடம் எரிந்தது. விருமாண்டி முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. கல்லை உருட்டி வந்தவனுக்கு என்ன பயம்? ஒச்சாயிக்குத்தான் பயம். ஒரு அடி, அவ்வளவுதான், வழக்கு முடிந்துவிடும். மாமன் வீட்டுக்கு வந்துவிடுவான். தையும் வரும்.

விருமாண்டி உள்ளங்கையை ஓங்கினான்.

"வேணாம் மாமா!"

பாய்ந்து அவன் கையைப் பிடித்துவிட்டாள். தட்டு கவிழ்ந்து சூடம் மண்ணில் விழுந்தது. கூட்டத்துக்கு அதற்குமேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பேயாண்டி தலையைக் குனிந்துகொண்டார். வாட்சர் எழுந்து வந்தார்.

விருமாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு அவள் காதோரம் சொன்னான்: "அடி கிறுக்கி! நாம நட்ட கல்லுடி அது."

"தெரியும்" என்றாள் ஒச்சாயி. பிடித்த கையை விடவில்லை. "செயிலுக்குப் போனாத் திரும்பி வந்துருவீக மாமா."